மூடுபனிக் கரையின் சிவப்பு ஒயின்: வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் வசிக்கிறேன். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் கலிபோர்னியாவில் சொனோமா பக்கம் இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடற்கரைத் தோட்டங்களின் சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் கொண்டுவருவான். அதைத் திறக்கும் நாளில் வீட்டுக்கு வரும் மச்சான், ஆய்வகத்து நண்பர்கள், எதிர்வீட்டு அக்கா என்று ஆளாளுக்குக் கேட்ட கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

இன்னா ஒயின் சார் இது? பேரே வாயில நுழைய மாட்டேங்குது.

திராட்சையின் பெயர் பினோ நுவார். பிரெஞ்சில் பினோ என்பது பைன் மரத்தோடு சேர்ந்த சொல், நுவார் என்றால் கருப்பு. குலை பைன் மரத்துக் காய்போலக் கூம்பாக, நெருக்கமாக இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். பிரான்சில் பர்கண்டிதான் இதன் சொந்த ஊர். 1395-லேயே அந்த ஊர்ப் பிரபு பிலிப், கமே என்ற இன்னொரு ரகத்தைப் பிடுங்கிப்போடச் சொல்லி ஆணையிட்டார். பினோவின் மதிப்பு அவ்வளவு பழையது.

எங்கள் வீட்டுக்கு வருவது சொனோமா கரையில் விளைந்தது. சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பசிபிக் கடலை ஒட்டிய மலைச்சரிவுகள். அங்கே ரஷ்யர்கள் 1812-ல் கட்டிய ஃபோர்ட் ராஸ் என்ற கோட்டை இருக்கிறது. நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806. ஆறே வருஷம் கழித்து உலகத்தின் அந்த மூலையில் ஒரு மரக்கோட்டை எழும்பியிருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

கடலோரம்னா மெட்ராஸ் மாதிரி புழுக்கமாத்தானே இருக்கும்? அது எப்படிக் குளிர் பிரதேசம்?

இந்த ஒயினின் ருசி முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெரினாவில் கால் நனைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சொனோமா கரையில் கோடையில்கூடக் கால் விறைத்துப்போகும். வடக்கிலிருந்து ஒரு குளிர்நீரோட்டம் கரையோரமாகத் தெற்கே போகிறது. அதோடு வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையைவிட்டுத் தள்ள, அடியாழத்துக் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரமான கடல்காற்று அந்தக் குளிர்ந்த நீரின்மேல் படும்போது மூடுபனியாகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் பகலில் கொதித்து, அங்குள்ள சூடான காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்ப, மலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் வழியாகக் கடற்பனி உள்ளே இழுக்கப்படும். பெட்டலுமா இடைவெளி என்பது அப்படி ஒரு வாசல்.

ஃபோர்ட் ராஸ் பக்கத்துத் தோட்டங்கள் இன்னும் விசேஷம். அவை கிட்டத்தட்ட 280 மீட்டருக்கு மேலே, மூடுபனி மட்டத்துக்கு மேல் இருக்கின்றன. ஏலகிரியில் விடிகாலையில் நின்றால் கீழே மேகம் கிடக்க, நம் தலையில் வெயில் படும், பார்த்திருப்பீர்கள். அதேதான். வெயில் உண்டு, ஆனால் காற்று குளிர்ந்தது.

இதனால் பழத்துக்கு என்ன லாபம்? திராட்சையில் இருக்கும் மாலிக் என்ற புளிப்பு அமிலத்தைச் செடி வெப்பத்தில் வேகமாக எரித்துவிடும். குளிரில் அது தங்குகிறது. சர்க்கரை மெதுவாக ஏறும், அதற்குள் வாசனை முற்றுவதற்கு நேரம் கிடைக்கும். மே மாத ராத்திரியிலும் மொட்டைமாடித் தரை சுடுகிற நம் ஊரில் பினோ நட்டால் பழம் பழுத்துவிடும், ஆனால் புளிப்பும் மணமும் போய் ஜாம்தான் மிஞ்சும்.

கலர் இவ்ளோ வெளுப்பா கீதே, தண்ணி கலந்துட்டாங்களா?

இல்லை. பினோவின் தோல் மெல்லியது. சிவப்பு ஒயினுக்கு நிறம் சாற்றிலிருந்து வருவதில்லை, தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமியிலிருந்து வருகிறது. இந்த ரகத்தில் அது குறைவு. கிளாஸை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்துப் பிடித்தால் மாதுளைச் சாற்றின் நிறம் தெரியும், அடியில் இருக்கும் துணியின் மடிப்பும் தெரியும். இருட்டாக இருந்தால்தான் ஒயின் என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிடவேண்டும்.

நாக்கு இழுத்துப் பிடிக்குதே, அது என்ன?

துவர்ப்பு. இதைப் பேச எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன், ஏனென்றால் என் பிழைப்பே துவர்ப்புதான்.

டேனரியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலை என்ன செய்கின்றன? அவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், தோலில் உள்ள கொலாஜன் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அழுகக்கூடிய பச்சைத்தோல் அழுகாத தோலாகிறது. ஒயினில் உள்ள டானின் உங்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய், கன்னத்தின் உட்புறம் உரசுவதுபோல் தோன்றுகிறது. வேதியியல் ஒன்றே, இடம்தான் வேறு.

இதில் இரண்டு குடும்பம் உண்டு. ஆவாரம்பட்டை டானின் ஒரு வகை, திராட்சைத் தோலிலும் விதையிலும் இருப்பதும் அந்த வகையே. கடுக்காய் டானின் இன்னொரு வகை. ஒயின் முதிரும் ஓக் பீப்பாய் மரத்திலிருந்து இறங்குவது இந்தக் கடுக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே ஒரு நல்ல சிவப்பு ஒயினில் ஆவாரமும் கடுக்காயும் சேர்ந்தே இருக்கின்றன. ஆய்வகத்து நண்பர் ஒருவருக்கு இதைச் சொன்னதும் மறுபடி ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "முதல்ல பட்டை, கடைசியில கடுக்கா" என்றார். அவரைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பினோவில் துவர்ப்பு மென்மையாக இருக்கவேண்டும். வாயை வறட்டி, சுண்டைக்காய் மென்றதுபோல் ஆக்கினால் அது கரடுமுரடான தயாரிப்பு. நல்லதில் அது பதனிட்டு முடித்த மெல்லிய ஆட்டுத்தோலைத் தடவுவதுபோல் இருக்கும்: சொரசொரப்பு உண்டு, குத்தல் கிடையாது. ஆங்கிலத்தில் இதற்குச் சொல் தேடுவார்கள். அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்பை எண்ணிவைத்திருக்கும் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. வாழைப்பூவும் நெல்லிக்காயும் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு இது.

புளிக்குது. கெட்டுப்போச்சோ?

புளிக்கத்தான் வேண்டும். திராட்சையின் முக்கிய அமிலம் டார்டாரிக் அமிலம். புளியம்பழத்தில் நிறைந்திருப்பதும் அதேதான். ரசத்தில் புளி சரியாக விழுந்தால் மற்ற எல்லாம் எழுந்து நிற்கும் அல்லவா, குளிர்க்கரை ஒயினில் புளிப்பின் வேலை அதுவே. மாலிக் அமிலத்தின் பச்சைப் புளிப்பைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரில் உள்ள அமிலமாக, மாற்றுவதும் தயாரிப்பில் ஒரு கட்டம். அதனால்தான் புளிப்பு கூர்மையாக இல்லாமல் உருண்டையாக இருக்கிறது.

கெட்டுப்போன புளிப்பு வேறு. அது வினிகராக மூக்கில் ஏறும்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுல போடுற ஒயின் தித்திப்பா இருக்குமே, இது ஏன் இல்ல?

வீட்டு ஒயினில் சர்க்கரை கொட்டுகிறோம், அது மிஞ்சுகிறது. இதில் பழத்தின் சர்க்கரையைக் கிட்டத்தட்ட முழுவதும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிடுகிறது. முதல் தடவை குடிப்பவர்கள் தித்திப்பை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். என் மனைவிகூட முதல் நாள் "கஷாயம்" என்று கிளாஸை நகர்த்திவைத்தாள்.

எப்படிங்க குடிக்கணும்? சினிமாவுல சுத்துறாங்களே.

சுற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒயின் கிளாஸின் சுவரில் மெல்லிய படலமாகப் பரவ, வாசனை சீக்கிரம் ஆவியாகும். ஆனால் சுற்றும் முன்பே ஒரு தடவை முகருங்கள். பினோவின் மிக மெல்லிய மணங்கள், பூ மணம் முக்கியமாக, அசைக்காதபோதுதான் தனியாகத் தெரியும். பிறகு சுற்றி முகருங்கள். பிறகு ஒரு சிறு வாய் எடுத்து, விழுங்காமல், சாப்பாட்டை மெல்வதுபோல் வாய் முழுக்கப் பரப்புங்கள். விழுங்கியபின் வாயில் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறதென்று கவனியுங்கள். தரத்தை அளக்க எனக்குத் தெரிந்த நம்பகமான அளவுகோல் இதுதான். மட்டமான ஒயின் எச்சில் விழுங்குவதற்குள் காணாமல் போகும். நல்லது அரை நிமிஷத்துக்கு மேல் நிற்கும், நிற்கும்போதே மாறும்.

அவசரம் வேண்டாம். ஒரு கிளாஸுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன். காற்றுப் பட்டு இருபதாவது நிமிஷத்தில் வருகிற வாசனை முதல் நிமிஷத்தில் இருக்காது.

செர்ரி, ராஸ்பெர்ரின்னு எழுதியிருக்கு. அதெல்லாம் நாம சாப்பிட்டதே இல்லையே, எப்படித் தெரியும்?

தெரியவேண்டியதில்லை. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பதைச் சொல்கிறார்கள். நாம் நம் கொல்லையைச் சொல்வோம்.

நான் இதுவரை இந்த ஒயின்களில் முகர்ந்தவை: நன்றாகச் சிவந்த களாக்காய். மாதுளை முத்து. இலந்தைப்பழம், அதுவும் வெயிலில் சுருங்கத் தொடங்கியது. பன்னீர் ரோஜா. ஓக் பீப்பாயிலிருந்து கிராம்பு. இது கற்பனை இல்லை, கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜெனால், சுட்ட ஓக் மரத்திலும் இருக்கிறது. வயதான பாட்டிலில் மழைக்குப் பிறகு ஜவ்வாது மலைப் பாதையில் வரும் நனைந்த சருகின் வாசம், காளான், டீத்தூள்.

குலையைக் காம்போடு நொதிக்கவைக்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்ததில் ஒரு பச்சிலைக் காரம் தெரியும். நாவற்கொழுந்தைக் கசக்கி முகர்ந்ததுபோல் எனக்குப் பட்டது. உங்களுக்கு வேறு தோன்றலாம். தோன்றியதைத் தயங்காமல் சத்தமாகச் சொல்லுங்கள், சொல்லச் சொல்லத்தான் மூக்கு கூர்மையாகும். டேனரியில் புதிதாகச் சேர்ந்த பையன்களை நாங்கள் பழக்கியதும் இப்படித்தான்.

ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றாங்களே?

அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு ரூம், நம் ஊர் ரூம் இல்லை. பினோவுக்கு 13 முதல் 16 டிகிரி சரி. 33 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். பக்கெட்டில் ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி போட்டுக் கால் மணி நேரம் வையுங்கள். ஃபிரிட்ஜ் என்றால் சுமார் இரண்டு மணி நேரம். கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்தாலும் கவலையில்லை, வேலூரில் எதுவும் சூடாக நேரம் ஆகாது.

வைத்திருப்பதில்தான் பெரிய தவறு நடக்கும், எனக்கு நடந்தது. மகன் முதன்முதலில் கொண்டுவந்த பாட்டிலைத் தீபாவளிக்குத் திறக்கலாமென்று பரண்மேல் வைத்தேன். சித்திரை, வைகாசி முழுக்க அது அங்கே வெந்திருக்கிறது. எடுத்தபோது கார்க் லேசாக வெளியே தள்ளியிருந்தது, கழுத்தில் பிசுபிசுப்பு. உள்ளே இருந்தது வேகவைத்த பேரீச்சம்பழம். களாக்காயும் இல்லை, ரோஜாவும் இல்லை. அவன் வேலை செய்து சேர்த்த காசு, அந்தத் தோட்டக்காரரின் ஒரு வருஷ உழைப்பு. இன்றைக்கும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. இப்போது நியூஸ்பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்கவைக்கிறேன். சில மாதங்களுக்கு அது போதும்.

எவர்சில்வர் டம்ளர்ல குடிக்கலாமா?

வேண்டாம். நிறம் தெரியாது, வாசனையும் தங்காது. அடி அகன்று வாய் குறுகிய மெல்லிய கண்ணாடி கிளாஸ் ஒன்று வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

ஈரச் சாக்கு நாத்தம் வருது. இப்படித்தான் இருக்குமா?

இல்லை, அந்த பாட்டிலில் கார்க் கெட்டிருக்கிறது. டிரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் காரணம். குளோரோபீனால்கள் பட்ட மரத்தில் பூஞ்சை வளர்ந்தால் இது உண்டாகும். எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தை நன்றாகத் தெரியும். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பென்டாகுளோரோபீனால் போட்டுக்கொண்டிருந்தோம். 1989-ல் ஜெர்மனி அதைத் தடைசெய்தபோது வட ஆற்காட்டு ஏற்றுமதியே ஆடிப்போனது. பழைய கிடங்கின் அந்தப் பூசண வாடையை ஒயின் கிளாஸில் முகர்ந்தபோது ஒரு நொடியில் புரிந்தது. உடம்புக்குக் கெடுதல் செய்யும் அளவில் அது இருக்காது, ஆனால் பழ வாசனை அத்தனையையும் மூடிவிடும். கொட்டிவிடுங்கள்.

அடியில கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ மின்னுது, பயமா இருக்கு.

பயப்படவேண்டாம். டார்டாரிக் அமிலமும் பொட்டாசியமும் சேர்ந்த உப்புப் படிகம். குளிரில் படியும்.

பிரியாணிக்கு ஒத்துப்போகுமா?

ஆம்பூர் பிரியாணிக்கு ஒத்துப்போகும் என்பது என் கருத்து. சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் கொழுப்பும் இருக்க, ஒயினின் புளிப்பு அதை வெட்டி வாயைக் கழுவுகிறது. காரம் அளவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். மிளகாய்க் காரம் ஏறினால் ஆல்கஹால் எரியும், துவர்ப்பும் கூடும். கூட வரும் கத்திரிக்காயை ஒயின் வாயோடு சேர்க்காமல் தனியாகச் சாப்பிடுங்கள்.

அதைவிட நல்ல ஜோடி, மிளகை அளவாகத் தட்டிப்போட்டு வறுத்த காடை. சைவத்தில் காளான் வறுவல். இலவம்பாடி முள்ளுக்கத்திரியை நல்லெண்ணெயில் புளியில்லாமல் வதக்கினால் அதுவும் பிரமாதம். கருவாட்டோடும் மீன்குழம்போடும் வேண்டாம்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் என் நண்பர்களில் பெரும்பாலோர் மதுவைத் தொடாதவர்கள். அவர்கள் வரும் நாளில் இந்த பாட்டில் வெளியே வராது. பிரியாணி மட்டும் போதும்.

இது சைவம்தானா?

எல்லா பாட்டிலும் இல்லை. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைச் சிலர் சேர்ப்பார்கள். பிறகு வடித்தெடுத்துவிடுவார்கள் என்றாலும் அது அவரவர் மனசைப் பொறுத்தது. தெளியவைக்காமல், வடிகட்டாமல் அடைத்தது என்று லேபிளில் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஹார்ட்டுக்கு நல்லதாமே? போதை ஏறுமா?

ஹார்ட்டுக்காகக் குடிக்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் மது 1988 முதலே இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

போதை கட்டாயம் ஏறும். 13.5 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 20 மில்லி ஆல்கஹால். 42.8 சதவீதப் பிராந்தி ஒரு குவார்ட்டரில் 77 மில்லி. ஒரு பாட்டில் ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ், அதோடு முடிந்தது. குடிப்பழக்கத்தால் தவித்து மீண்டவர் வீட்டில் இருந்தால் எதையும் திறக்காதீர்கள். எந்த ருசியும் அவர் மீண்டதைவிடப் பெரிதில்லை.

எங்கே கிடைக்கும்? ஏன் இவ்ளோ விலை?

நம் ஊரில் ஒயின் ஷாப் என்று சொன்னாலும் அங்கே விற்பது பெரும்பாலும் பிராந்தியும் பீரும்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஒருவர் இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. பெங்களூரு பெரிய கடைகளில் வேறு நாட்டுப் பினோ கிடைப்பதுண்டு. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு விற்பனை கிடையாது.

நல்ல சொனோமா பாட்டில் அங்கேயே 50 டாலரைத் தாண்டும். பூக்கும் பருவத்தில் குளிரும் காற்றும் அடித்துப் பூ உதிர்ந்துவிடும், மகசூல் குறைவு. சரிவில் கையால்தான் பறிக்கவேண்டும். 228 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்றிலிருந்து வருவது 300 பாட்டில் அளவுதான்.

வாங்கும்போது லேபிளில் ஊரைப் பாருங்கள். 1987-ல் வகுத்த சொனோமா கோஸ்ட் என்ற திராட்சை வட்டார எல்லை மிகப் பெரியது, கடல் தெரியாத உள்பகுதியும் அதில் அடங்கும். உண்மையான கடலோர மேடுகளுக்கு வெஸ்ட் சொனோமா கோஸ்ட் என்று 2022-ல் தனி எல்லை வந்தது. ஃபோர்ட் ராஸ்-சீவியூ என்றிருந்தால் இன்னும் குறுகிய இடம். எல்லைப் பெயர் போட்டிருந்தால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அங்கே விளைந்ததாக இருக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

மீதி இருந்தா என்ன பண்றது?

கார்க்கைத் திருப்பி அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் காளான் குழம்பில் ஊற்றலாம்.

ஆனால் இரண்டாம் நாளைத் தவறவிடாதீர்கள். போன பொங்கலுக்குத் திறந்ததில் ஒரு கிளாஸ் மிஞ்சியிருந்தது. மறுநாள் சாயங்காலம் எடுத்தபோது கிராம்பு அடங்கி, பழமும் பின்னுக்குப் போயிருந்தது. கஷாயம் என்று ஒதுக்கிய என் மனைவி கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அவள் அம்மாவின் தகரப்பெட்டியில் புடவைகளுக்கு நடுவே பன்னீர் ரோஜா காய்ந்து கிடக்குமாம், அந்த வாசனை என்றாள். குடிக்கவில்லை. ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.